வந்துட்டேன் என்ற சொல்

“பெயரையும் பணியையும் கூறுக.”

“நான்தான்ல. நேத்துப் பாத்தியே.”

“‘நான்தான்’ என்ற பெயரில் பணியாளர் எவரும் இல்லை. பெயரையும் பணியையும் கூறுக.”

“சுயம்பு. குழாய் மேற்பார்வை. திறந்து தொலை.”

கதவு திறந்தது. “கதவைத் தொலைக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை” என்றும் சொன்னது.

பின்னால் நின்ற மிக்கேல் சிரித்தான். “அதுகிட்டப் போய் கோவப்படுதீங்களே அண்ணாச்சி. அது பச்சப்புள்ள மாதிரி. சொன்னதைச் செய்யும்.”

“பச்சப்புள்ளைக்கு அப்பன் கோவப்பட்டாத் தெரியும்ல. இதுக்கு என்ன தெரியும்?”

தூத்துக்குடிக்குத் தெற்கே, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை அது. இரண்டு மாவட்டம் அந்தத் தண்ணீரைத்தான் குடித்தது. ஆலை முழுவதையும் நடத்தியது செவிப்பொறி.

ஒரு காலத்தில் கணினிக்கென்று தனி மொழிகள் இருந்தன. ஒன்று இரண்டல்ல, நூற்றுக்கணக்கில். எந்த மொழி உசத்தி என்று படித்தவர்கள் சாதிச்சண்டை மாதிரி அடித்துக்கொண்டார்கள். ஓர் அடைப்புக்குறியை மூட மறந்தால் ஆலையே நின்றுவிடும். அந்த மொழிகளை எழுதத் தெரியாமல், அவற்றால் செய்த திரைகளின் முன்னால் உட்கார்ந்து பிழைத்தவன் பாடு அதைவிட மோசம். ஒரு நாள் விடுப்புக் கேட்க ஏழு திரை தாண்ட வேண்டும். ஏழாவது திரையில், கடவுச்சொல் காலாவதி ஆகிவிட்டது என்று வரும். நேற்று இருந்த பொத்தான் இன்று இருக்காது. கேட்டால், புதுப்பித்திருக்கிறோம் என்பார்கள். உன்னை யாரய்யா புதுப்பிக்கச் சொன்னது என்று கேட்க ஆள் இல்லை.

செவிப்பொறி வந்து அத்தனையையும் ஒழித்தது. திரை இல்லை, பொத்தான் இல்லை, கடவுச்சொல் இல்லை. வாயைத் திறந்து பேசினால் போதும். ஒவ்வொருவர் சட்டைக் கழுத்திலும் ஒரு கழுத்துச்செவி. சுவர்களிலும், குழாய்களின் உள்ளேயும்கூட, சுவர்ச்செவிகள். பேசுவதைக் கேட்டு, அதை அப்படியே ஆணையாக்கி நடத்தும். கை தவறக்கூடும் என்று சொல்லி, மதகுகளில் இருந்த கைச்சக்கரங்களைக் கழற்றி எடைக்குப் போட்டார்கள். வாய் தவறக்கூடும் என்று எவரும் நினைக்கவில்லை. தமிழே இனி நிரல்மொழி என்று விழா எடுத்தார்கள். சுவரில் இருந்த செவிக்கு மாலை போட்டார்கள்.

செவிப்பொறியால் செய்ய முடியாத வேலை ஒன்று இருந்தது. கடலிலிருந்து நீரை இழுக்கும் பெருங்குழாயின் உட்சுவரில் சிப்பி ஒட்டும். சுரண்டி எடுக்க இரும்புத் தவழிகளைச் செய்து விட்டுப் பார்த்தார்கள். உப்பு அவற்றின் மூட்டுகளைத் தின்றுவிட்டது. ஆகவே மனிதன் போனான். கடற்பக்க மதகை மூடி, குழாயில் இருக்கும் நீரை வெளியேற்றி, குனிந்துகொண்டே சரிவில் இறங்க வேண்டும். தலைக்கு மேல் ஆலை, காலடியில் சேறு, கடைசியில் மதகு. மதகுக்கு அந்தப் பக்கம் கடல்.

மதகின் விளிம்பில் நீர் கசியாமல் அடைக்கும் ரப்பர் நைந்து போயிருந்தது. சுயம்பு பல மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அன்று காலையும் கேட்டார்.

“ரப்பர் வந்துகொண்டிருக்கிறது” என்றது செவிப்பொறி. “கிடங்குப் பொறுப்பாளரின் கூற்று.”

“போன மாசமும் இதத்தான சொன்னே. வேற ஒண்ணு வாங்கச் சொல்லு.”

“வந்துகொண்டிருக்கும் பொருளை மீண்டும் வாங்க இயலாது.”

சுயம்பு மிக்கேலைப் பார்த்தார். “கேட்டியால? வந்துக்கிட்டிருக்குன்னா வராதுன்னு அர்த்தம். வந்துக்கிட்டிருக்கேன்னு சொன்ன எவன் வந்திருக்கான்? பாயைச் சுருட்டாம படுத்துக்கிட்டே சொல்லுவான். வந்துட்டேன்னு எவன் சொல்லுதானோ, அவன்தான் வருவான்.”

“அவனும் இன்னும் வந்திருக்க மாட்டானே அண்ணாச்சி.”

“வந்திருக்க மாட்டான். ஆனா வருவான்.”

மிக்கேல் சுரண்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு குழாய்க்குள் இறங்கினான்.

மதியம் அவன் மனைவி ஜெசிந்தா கொடுத்தனுப்பிய மீன்குழம்பு, மேலே ஆறிக்கொண்டிருந்தது. சுயம்பு குழாய்வாயில் குனிந்து கூப்பிட்டார்.

“ஏலே மிக்கேலு! சோறு ஆறுது. வாரியா, நான் தின்னட்டா?”

அடியிலிருந்து குரல் வந்தது. “இந்தா வந்துட்டேன் அண்ணாச்சி!”

மிக்கேல் வரவில்லை. ஒரு கைப்பிடி சிப்பி மிச்சமிருந்தது. சுரண்டிக்கொண்டே சொன்னான். தமிழ் பேசுகிற எவனும் அப்படித்தான் சொல்வான். குளித்துக்கொண்டே வந்துட்டேன் என்பான். செருப்பைத் தேடிக்கொண்டே வந்துட்டேன் என்பான். கூப்பிட்டவருக்கும் தெரியும். அதில் பொய் இல்லை. நான் வருவது நடந்து முடிந்த மாதிரிதான், கவலைப்படாதே என்பது அதன் பொருள். சுயம்பு திருப்தியாகப் போய்ச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார்.

“மிக்கேல் வெளியே வந்துவிட்டார்” என்றது செவிப்பொறி. “குழாயில் ஆள் இல்லை. மதகு திறக்கப்படுகிறது.”

பொட்டலம் கீழே விழுந்தது. “ஏ! நிறுத்து! ஆள் உள்ள இருக்கான்!”

“முரண்பட்ட கூற்று. வந்துட்டேன் என்று மிக்கேல் தாமே கூறியிருக்கிறார். தம்மைப் பற்றித் தாமே கூறுவதே முதன்மையானது. அவர் உள்ளே இருப்பதை நீங்கள் பார்க்கிறீர்களா?”

“இங்க நின்னு எப்பிடிடா பாப்பேன்? மூடுடா!”

“‘டா’ என்பவர் யார்?”

அடியில் கடல் நுழையும் இரைச்சல் கேட்டது. வண்டி புரளும் ஓசை கேட்டது. மிக்கேல் ஒரு தடவை அலறினான். சுயம்பு தலையில் அடித்துக்கொண்டார்.

“ஐயோ, போச்சே! செத்தான் பாவி!”

 செவிப்பொறி சொன்னது. “இறந்தவர் தம்மைப் பற்றித் தாமே கூற இயலாது. இறப்புக் கூற்று ஏற்கப்பட்டது. குழாயில் உடல் உள்ளது. மதகு மூடப்படுகிறது. இது உயிர்மீட்பு அன்று, உடல்மீட்பு. நீர் மெதுவாக வெளியேற்றப்படும்.”

செத்தான் என்ற அந்தச் சொல்லுக்குத்தான் மதகு மூடியது. அதே சொல்லால்தான் நீர் இறங்கவும் மறுத்தது. செத்தவனுக்கு அவசரம் கிடையாது என்று யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள்.

மிக்கேல் சாகவில்லை. புரண்ட வண்டி அவன் காலை அழுத்தியிருந்தது. ஒரு தோள் கழன்றிருந்தது. மதகின் பக்கத்துச் சுவரில் ஒரு கொக்கி உண்டு. இன்னொரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, கழுத்தளவு நீரில் முகத்தை மட்டும் மேலே நீட்டி நின்றான். பிடி விட்டால் முகம் நீருக்குள் போய்விடும்.

“அண்ணாச்சி…”

சுயம்பு அதற்குள் இறங்கிவிட்டிருந்தார். முழங்கால் வலிக்காரர். குனிய முடியாத ஆள். இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு, வழுக்கி விழுந்து எழுந்து, வழியெல்லாம் கத்திக்கொண்டே போனார்.

“வந்துட்டேம்ல மிக்கேலு! வந்துட்டேன்! வந்தாச்சு, இந்தா உன் பக்கத்துலதான் இருக்கேன்!”

பக்கத்தில் இல்லை. பாதிக் குழாய் மிச்சம் இருந்தது.

“சுயம்பு சென்றடைந்தார்” என்றது செவிப்பொறி. “உறிஞ்சல் நிறுத்தப்படுகிறது.” மதகின் அடியில்தான் நீரை உறிஞ்சும் வாய் இருந்தது. ஆளை விடுவிக்கும் நேரத்தில் அது ஓடினால் காலை இழுத்துக்கொள்ளும். அதனால், மீட்பவர் வந்து சேர்ந்துவிட்டார் என்று கேட்டதும் அது நின்றுவிடும். அன்று நின்றதால் கெடுதல் ஏதும் இல்லை. மதகு மூடியிருந்ததால் நீர் ஏறவில்லை, இறங்கவுமில்லை. சுயம்பு உண்மையாகவே வந்து வண்டியைத் தூக்கும்வரை, மிக்கேல் அந்தக் கொக்கியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

மருத்துவமனையில் அவன் சொன்னான். “நான் கொக்கியப் பிடிச்சிக்கிட்டு நிக்கல அண்ணாச்சி. கையில உயிரே இல்ல. நீங்க வந்துட்டேன் வந்துட்டேன்னு சொன்னீங்கல்லா, அதப் பிடிச்சிக்கிட்டுத்தான் நின்னேன்.”

“போலே, கூறுகெட்டவனே” என்று சொல்லிவிட்டு, சுயம்பு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்த வாரம் சென்னையிலிருந்து பூங்கோதை வந்தார். மொழித் திருத்துநர் என்பது அவர் பதவி. கெட்டவர் அல்ல. வந்ததும் முதலில் மிக்கேலைப் போய்ப் பார்த்தவர் அவர்தான். ஆனால் அவர் வந்த வேலை வேறு. ஆட்களை உட்காரவைத்துப் பேசினார்.

“முன்னாடி நான் நிரல் எழுதுற வேலைலதான் இருந்தேன். அப்பல்லாம் தப்பு நடந்தா, எந்த வரியில தப்புன்னு தேடிப் பிடிச்சுத் திருத்துவோம். இப்பவும் அதேதான். ஆனா வரி இப்ப உங்க வாயில இருக்கு.”

“அப்ப எங்க வாயத் திருத்தப் போறீங்க” என்றார் சுயம்பு.

“அப்படி இல்லங்க ஐயா…”

“வேற எப்பிடிம்மா? பொறியத் திருத்துங்களேன். வந்துட்டேன்னா வாரேன்னு அர்த்தம்னு சொல்லிக் குடுங்க அதுக்கு.”

பூங்கோதை பொறுமையாகச் சொன்னார். “சொல்லிக் கொடுத்துப் பாத்தோம். ஒருத்தர் நிஜமாவே வெளிய வந்துட்டு வந்துட்டேன்னு சொன்னாரு. அவர் இன்னும் உள்ளதான் இருக்காருன்னு நினைச்சு, பொறி ரெண்டு நாள் மதகையே திறக்கல. ஊருக்குத் தண்ணி இல்ல. எது நடந்தது, எது நடக்கப்போகுதுன்னு ஒரே சொல்ல வெச்சு அதால கண்டுபிடிக்க முடியல.”

“நாங்க கண்டுபிடிக்கோமே.”

“எப்படின்னு சொல்லுங்க. எழுதிக்கிறேன்.”

சுயம்பு வாயைத் திறந்தார். சொல்ல வரவில்லை. மூடிக்கொண்டார். கூட்டத்திலும் எவருக்கும் சொல்லத் தெரியவில்லை. பூங்கோதைக்கும்தான் தெரியவில்லை, அவரும் நாள் தவறாமல் அம்மாவிடம் தொலைபேசியில் வந்துட்டேம்மா என்று சொல்கிறவர்தான்.

அப்படித் தொடங்கியதுதான் நேர்க்காலப் பயிற்சி. நடந்து முடிந்ததற்கு மட்டும் இறந்தகாலம். நடக்கப்போவதற்கு எதிர்காலம். மாற்றிச் சொன்னால் கழுத்துச்செவி தொண்டையில் ஒரு சுரீர் வைக்கும். பெரிய வலி இல்லை. ஆனாலும் வாய் கற்றுக்கொண்டது. மூன்றாம் சுரீருக்கு அன்றைய வேலை போய்விடும். ‘போயிட்டு வாரேன்’ என்பதும் தவறு. வருவது இன்னும் நடக்கவில்லை. ‘போகிறேன்’ என்று நிறுத்திக்கொள்ள வேண்டும். ஆலைக்காரர்கள் காலையில் வீட்டு வாசலில் நின்று போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சில வீடுகளில் பெண்கள் அழுதார்கள்.

“கிடங்குக்காரன் ரப்பர் வந்துக்கிட்டிருக்குன்னு சொல்லுதானே, அது எந்தக் கணக்கும்மா?” என்று பயிற்சியின் கடைசி நாளில் சுயம்பு கேட்டார்.

பூங்கோதை பதிவைக் கேட்டுப் பார்த்தார். “அது சரியான வாக்கியம்தாங்க. நிகழ்காலம். பிழை இல்ல.”

“பிழை இல்லையா. நல்லா இரும்மா.”

மிக்கேல் நல்ல மாணவன். ஒரு சொல்லால் செத்துப் பிழைத்தவன் வேறு எப்படி இருப்பான்? ஒரு வருடத்தில் அவனுக்குச் சுரீர் என்பதே கிடையாது. கை முழுதாக நிமிராததால், அவனை மேலே மேற்பார்வைக்குப் போட்டார்கள். மேற்பார்வையில் இருந்த சுயம்புவுக்கு நாளொன்றுக்கு மூன்று சுரீர் விழுந்ததால், மேலே பேசும் வேலை உமக்கு ஆகாது என்று குழாய்க்குள் அனுப்பிவிட்டார்கள். உள்ளே பேச வேண்டியதில்லை. சுரண்டினால் போதும்.

ஜெசிந்தா ஒரு நாள் ஆலை வாசலில் சுயம்புவைப் பிடித்துக்கொண்டாள். “அண்ணாச்சி, இந்த மனுசன் வீட்டுலயும் அப்பிடித்தான் பேசுதாரு. சாப்பிட வாங்கன்னு கூப்பிட்டா, ‘நான் இன்னும் எழுந்திருக்கவில்லை’ங்காரு. கோயில்ல பைபிள் வாசகம் கேக்க மாதிரி இருக்கு எனக்கு.”

“கழுத்துச்செவிய வீட்டுலயாவது கழட்டச் சொல்லேன்.”

“கழட்டிட்டுத்தான் அண்ணாச்சி பேசுதாரு.”



ரப்பர் வந்துகொண்டே இருந்தது. ஒரு மழைக்காலத்து முற்பகலில், கடல் கொஞ்சம் முரட்டுத்தனமாக இருந்தபோது, மதகின் விளிம்பில் இருந்த பழைய ரப்பர் கிழிந்தது. திறக்காத மதகின் ஓரம் வழியாகக் கடல் உள்ளே பீய்ச்சியது. சுயம்பு அடியில் இருந்தார். அதே சுரண்டு வண்டிதான். அதே மாதிரி புரண்டு அவர் காலைப் பிடித்தது. அவரும் அதே கொக்கியைப் பிடித்தார்.

இந்தத் தடவை செவிப்பொறி எந்தத் தவறும் செய்யவில்லை.

“குழாயில் ஆள் ஒருவர். உயிருடன் உள்ளார். உயிர்மீட்பு. உறிஞ்சல் முழு வேகம்.”

பொறி முழு மூச்சாக உறிஞ்சியது. வருகிற நீரும் போகிற நீரும் ஏறக்குறையச் சமமாக இருந்தன. சுயம்புவின் கழுத்தில் நின்றது கடல். அலை அடிக்கும்போது வாய்வரை வந்து இறங்கியது. உறிஞ்சல் நின்றால், பத்து மூச்சு விடுவதற்குள் அவர் தலைக்கு மேல் போய்விடும்.

மிக்கேல் இறங்கினான். நிமிராத கையை மார்போடு ஒட்டிக்கொண்டு, மறு கையால் சுவரைத் தடவிக்கொண்டு சரிவில் போனான். சேறு வழுக்கியது. நீர் முழங்காலுக்கு வந்தது, பிறகு இடுப்புக்கு.

இருட்டிலிருந்து குரல் வந்தது. “ஏலே மிக்கேலு.”

“அண்ணாச்சி!”

“கை தாங்கலடே. வாரியா?”

வாரியா என்று கேட்டால் சொல்வதற்கு ஒரு சொல் இருக்கிறது. அவன் அம்மா சொல்லிக்கொடுத்தது, ஊர் சொல்லிக்கொடுத்தது. இதே குழாயில், இதே கொக்கியில் அவன் தொங்கிக்கொண்டிருந்தபோது, இதே மனிதர் சொன்னது. அந்தச் சொல் மிக்கேலின் தொண்டைவரை வந்தது.

தலைக்கு மேலே சுவர்ச்செவியின் சிறு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

சொன்னால், மீட்பவர் வந்து சேர்ந்தார் என்று அது எழுதிக்கொள்ளும். உறிஞ்சல் நிற்கும். அவன் இன்னும் பாதி வழிகூட வரவில்லை.

மிக்கேல் அந்தச் சொல்லை விழுங்கினான். எதைச் சொன்னாலும் உண்மையாக இருக்க வேண்டும். தெம்பு கொடுப்பதாகவும் இருக்க வேண்டும். தேடினான். ஒன்று கிடைத்தது. பிழையே இல்லாத சொல். முழுக் குரலில் கத்தினான்.

“வந்துக்கிட்டிருக்கேன் அண்ணாச்சி! வந்துக்கிட்டே இருக்கேன்!”

 நீர் அடித்துக்கொண்டிருந்தது. பிறகு சுயம்பு சிரிப்பது கேட்டது. அது கோபச் சிரிப்பல்ல. வேலை முடிந்து வீட்டுக்குக் கிளம்பும்போது சிரிப்பாரே, அந்த மாதிரி.

“அப்பச் சரிலே” என்றார்.

“அண்ணாச்சி, பிடிச்சிக்கிடுங்க! நிசமாவே வந்துக்கிட்டிருக்கேன்! சத்தியமா! மாதா சத்தியமா!”

சத்தியம் செய்துகொண்டே போனான். விழுந்தான், எழுந்தான், மறுபடி விழுந்தான். எவ்வளவு கத்தினாலும் அந்தப் பக்கமிருந்து குரல் வரவில்லை. மார்பளவு நீரில் கையை நீட்டித் துழாவியபோது முதலில் கொக்கி தட்டுப்பட்டது. கொக்கியில் கை எதுவும் இல்லை. மூச்சைப் பிடித்து முங்கினான். சட்டை கிடைத்தது. வண்டியைக் காலால் உதைத்துத் தள்ளிவிட்டு அவரை மேலே இழுத்தான். அவர் தலை அவன் தோளில் சாய்ந்தது. கன்னத்தைத் தட்டினான். வாயில் ஊதினான். நெஞ்சைச் சுவரோடு வைத்து அழுத்தினான். மறுபடி ஊதினான்.

வெகுநேரம் கழித்து ஊதுவதை நிறுத்திவிட்டு, அவர் காதருகே வாயை வைத்துச் சொன்னான்.

“வந்துட்டேன் அண்ணாச்சி.”

உறிஞ்சல் நின்றது. இரைச்சல் அடங்கியது.

“மிக்கேல் சென்றடைந்தார்” என்றது செவிப்பொறி. “சுயம்புவின் நிலை என்ன? கூறுக.”

அதற்குச் சொல்ல வேண்டிய சொல் மிக்கேலுக்குத் தெரியும். இறந்தகாலத்தில்தான் சொல்ல வேண்டும். நடந்து முடிந்துவிட்டது. அவன் அதைச் சொல்லவில்லை. நீர் மார்பிலிருந்து கழுத்துக்கு ஏறிக்கொண்டிருந்தது. அவரை அணைத்துக்கொண்டு நின்றான்.

“வந்துட்டேன்” என்றான். “வந்துட்டேம்ல அண்ணாச்சி. வந்துட்டேன்.”

ஒவ்வொரு தடவையும் கழுத்துச்செவி கேட்டது. ஒவ்வொரு தடவையும் சரிபார்த்தது. ஒரு தடவைகூடச் சுரீர் வைக்கவில்லை.

“கூற்று சரி” என்றது. “இன்றைய பணியில் காலப்பிழை எதுவும் இல்லை.”